பெல்ஃபீல்டில் சத்தமாகக் குடித்தவர்

பெல்ஃபீல்டில் சாப்பாடு நன்றாக இருக்குமா, இருக்காதா என்பதில் எங்கள் எஸ்டேட் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது. இரண்டு கட்சியிலும் அங்கே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டவர் ஒருவர்கூடக் கிடையாது. சாப்பிட்டிருந்தால் இவ்வளவு சண்டை வந்திருக்காது என்று இப்போது சொல்லிவிடலாம். அப்போது நானும் சண்டை போட்டவள்தான்.

பெல்ஃபீல்ட் என்பது தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் போகிற ரோட்டில், மேட்டின்மேல் நிற்கிற பழைய வெள்ளைக்காரன் பங்களா. வெள்ளைக்காரன் ஊருக்குக் கப்பலேறியபிறகு அதைச் சாப்பாட்டுக் கடை ஆக்கிவிட்டார்கள். கடை என்று சொன்னால் பக்கிரிசாமி அண்ணனுக்குக் கோபம் வரும். ரெஸ்டாரண்ட் என்று சொல்ல வேண்டும்.

பக்கிரிசாமி அண்ணன் மேட்டுப்பக்கத்து வரிசை வீடுகளான மேல் லயத்துக்காரர். எஸ்டேட் லோரி ஓட்டுகிறவர். மாதம் ஒரு முறை எங்கள் தேயிலைப் பெட்டியை பெல்ஃபீல்டின் பின்வாசலில் இறக்கிவிட்டு வருவார். ஒரு தடவை அங்கிருந்த சமையல்காரன் மிச்சமிருந்த இனிப்பைச் சின்னத் தட்டில் வைத்து நீட்டியிருக்கிறான். அதை லோரிப் படியில் உட்கார்ந்து தின்றுவிட்டு வந்தவர், மூன்று வருடமாக அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

"அங்க சாப்பிடுறது வயித்துக்கு இல்ல லா, மரியாதைக்கு. அது தெரியாத ஜென்மங்ககிட்ட என்னத்தப் பேச?" என்பார்.

அந்த ஜென்மம் கீழ் லயத்து வேலாயி அக்கா. அவள் பெல்ஃபீல்டில் மூன்று மாதம் தட்டு கழுவினவள். "தட்டு இம்மாம் பெருசு. நடுவுல கறி இத்துனூண்டு. பக்கத்துல அவிச்ச கேரட்டு ரெண்டு துண்டு. சாப்பிட்டு எந்திரிக்கிற வெள்ளக்காரன் நேரா பிரிஞ்சாங் போயி மீ கோரெங் திங்கிறான். நான் கண்ணால பாத்தேன். கழுவுற எனக்குத்தான தெரியும், தட்டுல என்ன இருந்துச்சுன்னு?"

பைப்படியில் தண்ணீர் பிடிக்கும்போது இந்தச் சண்டை. காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதற்கு முன்னால் இந்தச் சண்டை. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கூட்டம் போட்டு, பொங்கலுக்கு எத்தனை படி அரிசி என்று ஆரம்பித்த பேச்சு பெல்ஃபீல்டில் போய் முடிந்து, தலைவர் மணியடித்துக் கூட்டத்தைக் கலைத்தார். நாங்கள் கீழ் லயம். அதனால் நான் வேலாயி அக்கா கட்சி. என் வீட்டுக்காரர் எந்தக் கட்சியும் இல்லை. அவருக்கு வாயே கிடையாது. மூக்கும் நாக்கும் மட்டும்தான்.

அவர் பெயர் சாம்பசிவம். தேயிலை ஃபாக்டரியில், கொழுந்தை நெருப்பில் உலர்த்துகிற ட்ரையரில், அப்போது பத்தொன்பது வருடமாக நின்றவர். நான் நவமணி, கொழுந்துக்காட்டில் வேலை. நாங்கள் வெட்டிப்போடுகிற கொழுந்து அவர் கையில் போய்த்தான் தேயிலை ஆகும். எவ்வளவு வாட்டுவது, எவ்வளவு புளிக்க விடுவது, நெருப்பை எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அவருக்கு வாசனையிலேயே தெரியும். ஃபாக்டரியில் அவருக்கு வைத்த பெயர் 'மூக்கு'. இதெல்லாம் டீமேக்கர் என்கிற உத்தியோகத்தில் இருப்பவர் செய்யவேண்டிய வேலை. ஆனால் அந்த உத்தியோகம் மட்டும் அவருக்கு வரவே இல்லை.

முதல் தடவை காலியானபோது ஈப்போவிலிருந்து ஒருவர் வந்தார். சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை பாஸ். நல்ல தேயிலைக்கும் காய்ந்த சருகுக்கும் வித்தியாசம் தெரியாது. இவர்தான் சொல்லிக்கொடுத்தார். இரண்டாம் தடவை, அப்போதிருந்த மேனேஜர் துரைக்குச் சொந்தக்காரர் ஒருவர் வந்தார். அவருக்கும் இவர்தான் சொல்லிக்கொடுத்தார். அவரும் இந்தக் கதைக்கு நாலு மாதத்துக்கு முன்னால் வேறு எஸ்டேட்டுக்குப் போய்விட்டார். நாலு மாதமாக நாற்காலி காலி. வேலை நடக்கிறது, இவர் செய்கிறார். நாற்காலியில் ஆள் இல்லை.

"போயி துரைகிட்ட கேளுங்களேன்," என்று நான் சொல்லாத நாள் இல்லை.

"அவருக்குத் தெரியாதா நவமணி? குடுக்கணும்னா குடுப்பாரு."

இந்தப் பதிலைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரத்தை ட்ரையரில் போட்டிருந்தால் விறகே தேவைப்பட்டிருக்காது. தனிக் குவார்ட்டர்ஸ், தனிக் குளியலறை என்பதற்காக மட்டும் இல்லை. அதற்கும்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பத்தொன்பது வருடத்தில் என் புருஷன் பெயரைச் சம்பளப் பட்டியலான செக்ரோலில் நூற்றுப் பதினாலாவது வரியில் தவிர எந்தக் காகிதத்திலும் எவரும் எழுதினதில்லை. அதை ஒரு தடவை, உத்தியோகத்தோடு சேர்த்து எழுதிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வெறி என்றே சொல்லலாம்.

அது எழுபத்தெட்டாம் வருடம், தீபாவளி முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மேனேஜர் ராஜரத்தினம் துரை, யாழ்ப்பாணத்துக்காரர், ஃபாக்டரிக்கு வந்து இவரைக் கூப்பிட்டுச் சொன்னாராம்:

"சாம்பசிவம், வாற ஞாயிறு மத்தியானம் டத்தோ பெல்ஃபீல்டில சாப்பிட வாறார். நீரும் வரவேணும். மனுசியையும் கூட்டிக்கொண்டு வாரும்."

டத்தோ ஹாரூன் எங்கள் கம்பெனி டைரக்டர். கோலாலம்பூரில் இருப்பவர். வருடத்தில் ஒரு தடவை கார் கண்ணாடிக்குப் பின்னால் அவரைப் பார்க்கலாம். அவர் எதற்கு ட்ரையர்காரரைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்? டீமேக்கர் வேலைக்குத்தான், வேறு எதற்கு! ஆளைப் பார்க்கிறார்கள், பழக்கவழக்கம் பார்க்கிறார்கள். லயமே அப்படித்தான் சொன்னது. அந்த ஒரு விஷயத்தில் மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் அபிப்பிராய பேதம் இல்லை.

அன்று சாயங்காலமே பக்கிரிசாமி அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் லோரி ஸ்க்ரூ டிரைவர். அது கத்தியாம். எங்கள் வீட்டுக் கரண்டி முள்கரண்டியாம். நான் மரவள்ளிக் கிழங்கை அவித்து வைத்தேன். இவர் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்த, கிழங்கு கிளம்பிப் போய்க் காலண்டரில் இருந்த முருகனின் மயிலில் ஒட்டிக்கொண்டது.

"பரவால்ல, பரவால்ல. அங்க மயிலு இருக்காது," என்றார் அண்ணன். "கேளு தம்பி, முக்கியமான பாடம் இது. சூப்பு குடிச்சாலும் சரி, டீ குடிச்சாலும் சரி, சத்தம் வரவே கூடாது. ஒரு சத்தம் வந்துச்சு, வேல போச்சு."

இவர் முகம் மாறியது. "டீ எப்பிடிண்ணே சத்தமில்லாம குடிக்கிறது?"

இவர் கேட்டது நியாயமான கேள்வி. இவர் வேலையே சத்தமாகக் குடிப்பதுதான். ஃபாக்டரியில் ஓர் அறையில் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொரு நாள் தேயிலையையும் ஊற்றி வைத்திருப்பார்கள். இவர் ஒரு கரண்டி எடுத்து, புதுத்துணியைக் கிழிக்கிற மாதிரி சர்ரென்று ஓர் உறிஞ்சு உறிஞ்சுவார். காற்றும் டீயும் சேர்ந்து நாக்கு முழுக்கப் பரவி மூக்குக்கு ஏறினால்தான் ருசி தெரியுமாம். பிறகு விழுங்காமல் துப்பிவிட வேண்டும். அதற்கென்று இடுப்பு உயரத்துக்கு ஒரு பித்தளைப் படிக்கம் நிற்கும், அகலமான வாயோடு. மூன்று அடி தூரத்திலிருந்து, அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் துப்புவார். ஒரு சொட்டு வெளியே விழாது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு, எப்பேர்ப்பட்ட ஆளுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறேன் என்று பூரித்துப்போனேன்.

ஆனால் அந்த வாரம் எனக்குப் பூரிப்பு இல்லை. பயம்தான். தினமும் மூன்று வேளை டீ போட்டுக் கொடுத்துக் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். சத்தம் கேட்டால் அகப்பையால் கதவில் ஒரு தட்டு. திங்கட்கிழமை கதவு தாங்காது போலிருந்தது. சனிக்கிழமைக்குள் மனுஷன் பூனை பால் குடிக்கிற மாதிரிக் குடிக்கப் பழகிவிட்டார். "ருசியே தெரியல நவமணி," என்றார். "ருசி பாக்கவா போறோம்?" என்று நான் அதட்டினேன். என் வாயைத் தைத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலாயி அக்கா வந்தாள். "சொன்னா கேளு. ஒரு தட்டு சோறு தின்னுட்டுப் போங்க. இல்லன்னா மயக்கம் போட்டு விழுவீங்க." இவர் வேண்டாம் என்றார். நான் கருவாட்டுக் குழம்பு ஊற்றி நன்றாகவே சாப்பிட்டேன். கட்சிக்காரிக்கு மரியாதை கொடுக்க வேண்டாமா?

பன்னிரண்டரைக்கு மேனேஜர் துரை காரில் எங்களை ஏற்றிக்கொண்டார். இவர் கல்யாணக் கோட்டு போட்டிருந்தார். நான் தீபாவளிச் சேலை. பெல்ஃபீல்டின் முன்வாசலில் இறங்கியபோது, பின்வாசல் மட்டுமே பார்த்த பக்கிரிசாமி அண்ணனை நினைத்துக்கொண்டேன்.

உள்ளே வெள்ளை மேஜைத் துணி, சாமி கும்பிடுகிற இடம் மாதிரி அமைதி. பட்டப்பகலில் சுவரோரம் பெரிய அடுப்பு எரிகிறது, அதில் எதையும் சமைக்கவில்லை. அவ்வளவு விறகும் வீண். எங்கள் மேஜைக்குப் பக்கத்து மேஜையில் வயதான வெள்ளைக்காரரும் அவர் சம்சாரமும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மேஜையோரத்தில் ஒரு தாங்கியின்மேல், இடுப்பு உயரத்தில், வாயகன்ற வெள்ளிப் பாத்திரம் ஒன்று காலியாக நின்றது.

என் வீட்டுக்காரர் என் காதருகே குனிந்தார். முகத்தில் அந்த வாரத்தின் முதல் சந்தோஷம். "பாத்தியா, இங்கயும் படிக்கம் வச்சிருக்காங்க. நம்ம தொழில் தெரிஞ்சவங்கதான்."

எனக்கும் அது படிக்கமாகத்தான் தெரிந்தது. வேறு எதுவாகத் தெரியும்? நாங்கள் இருவரும் உட்கார்ந்தபிறகு ஒரு வெயிட்டர் அதில் ஐஸ் கொட்டி ஒரு பாட்டிலைச் செருகிவிட்டுப் போனான். அது எனக்குத் தெரிந்தது. இவர் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

டத்தோ நல்ல மனுஷன். எங்களோடு மலாயில்தான் பேசினார். எல்லோருக்கும் கோழி சொன்னார். முதலில் சூப் வந்தது. இவர் சத்தமே வராமல் குடித்து முடித்தார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. அடுத்து கோழி. தட்டு பெரிது, கறி சின்னது, கேரட் சரியாக இரண்டு துண்டு. வேலாயி அக்கா வாழ்க! அந்தக் கோழியைப் பார்த்தால் பாவமாக இருந்தது. செத்ததற்கு ஒரு துளி மஞ்சள்கூடப் பூசாமல் விட்டிருந்தார்கள். ஸ்க்ரூ டிரைவர் பயிற்சி வீண்போகவில்லை. இவர் கோழி தட்டிலேயே நின்றது.

அதற்குப் பிறகு ஓர் இனிப்பு வந்தது. பேரீச்சம்பழம் போட்டுச் சுடச்சுட, மேலே பால் ஏடு ஊற்றி. வாயில் வைத்தேன். ஒரு நிமிடம் எனக்கு எந்த எஸ்டேட், எந்த லயம் என்று மறந்துபோனது. லோரிப் படியில் உட்கார்ந்து தின்றவர் மூன்று வருடம் பேசினதில் தப்பே இல்லை. நான் அந்தத் தட்டிலேயே கட்சி மாறினேன்.

கடைசியில் டீ. அதை வெயிட்டர் கொண்டுவரவில்லை. பெல்ஃபீல்டின் மேனேஜர், கறுப்புக் கோட்டுப் போட்டவர், தானே எடுத்துவந்து, தானே ஊற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். டத்தோவும் தன் கோப்பையைத் தொடவில்லை. எல்லோரும் இவரையே பார்த்தார்கள்.

"குடிச்சுப் பாரு. நம்ம தேயிலைதான். எப்படி இருக்கு?" என்று மலாயில் கேட்டார் டத்தோ.

இவர் கோப்பையை எடுத்தார். உதட்டில் வைத்தார். சத்தமில்லாமல் ஒரு வாய் விழுங்கினார். கோப்பையை ஓசைப்படாமல் தட்டில் வைத்தார். "பாகூஸ், டத்தோ. நல்லா இருக்கு," என்றார்.

டத்தோவின் முகம் வாடிவிட்டது. அவர் மேனேஜர் துரையைப் பார்த்தார். துரை மேஜைத் துணியைப் பார்த்தார். கறுப்புக் கோட்டு மட்டும், நான் அப்போதே சொன்னேனே என்கிற மாதிரி தலையாட்டியது.

நான் என் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனேன். எனக்கு டீ பார்க்கத் தெரியாது. ஆனால் பத்தொன்பது வருடம் அந்த மனுஷனின் சட்டையைத் துவைத்தவள். நல்ல தேயிலை செய்த நாள் சட்டை ஒரு வாசம், கெட்ட நாள் சட்டை வேறு வாசம். இந்தக் கோப்பையில் இருந்தது கெட்ட நாள். எனக்கே தெரிவது இவருக்குத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? ஒரு வாரமாகக் கதவுக்குப் பின்னால் அகப்பையோடு நின்றது யார்?

"ஏங்க, ஒழுங்கா குடிங்க," என்றேன்.

"ஒழுங்காத்தான குடிச்சேன்?"

"அப்பிடி இல்ல. ஃபாக்டரில குடிக்கிற மாதிரி."

"சத்தம் வரும் நவமணி," என்றார், குழந்தை மாதிரி.

"வரட்டும். நான் சொல்றேன், குடிங்க."

இவர் என்னைப் பார்த்தார். கரண்டியை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

சர்ர்ரென்று அந்தச் சத்தம் பெல்ஃபீல்ட் முழுக்கக் கேட்டது. ஒரு வாரம் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. அத்தனை தலையும் திரும்பியது. இவர் எதையும் கவனிக்கவில்லை. டீ வாயில் இருக்கும்போது அவர் இந்த உலகத்தில் இருக்க மாட்டார். கன்னத்தை இப்படியும் அப்படியும் அசைத்தார். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயோ, அது..." என்று நான் வாயைத் திறப்பதற்குள், தோளுக்குமேல் தலையை லேசாகச் சாய்த்து, அந்தப் பக்கம் பார்க்காமலே, மூன்று அடி தூரத்திலிருந்து துப்பினார். பக்கத்து மேஜை வெள்ளிப் பாத்திரத்தின் நட்டநடுவில் போய் விழுந்தது. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. அந்த நேரத்திலும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வெள்ளைக்காரச் சம்சாரம் கையை வாயில் வைத்துக்கொண்டாள். இவர் இரண்டாவது கரண்டி எடுத்துவிட்டார். மறுபடியும் சர்ர்ர். இந்தத் தடவை வெள்ளைக்காரர் உஷாராகி, பாட்டிலை வெளியே உருவி, இரு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டார். அதுவும் குறி தப்பவில்லை.

"காந்தல்," என்றார் இவர், கண்ணைத் திறந்து. பிறகு ஞாபகம் வந்து மலாயில் சொன்னார்: "ஹாங்குஸ், டத்தோ. கருகியிருக்கு."

கறுப்புக் கோட்டு முன்னால் வந்தது. "ஒரு மாசமா இதைத்தானே எழுதுகிறேன்! உங்கள் தலைமை ஆபீசில் என்ன பதில் போட்டார்கள்? எங்கள் கெட்டிலைத் தேய்த்துக் கழுவச் சொன்னார்கள்!"

அப்போதுதான் விஷயம் விளங்கியது. எங்களை அழைத்தது பழக்கவழக்கம் பார்க்க இல்லை. கோலாலம்பூரில் நாலு பேர் குடித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாததை, இந்தக் கடையிலேயே, இந்தக் கெட்டிலிலேயே வைத்து இவரால் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்க அழைத்திருக்கிறார்கள். நாங்கள் வாரம் முழுக்க முள்கரண்டி பிடித்துக்கொண்டிருந்தோம்.

"எப்படி நடந்தது, சொல்ல முடியுமா?" என்று கேட்டார் டத்தோ.

இவர் மூன்றாவது கரண்டி எடுத்தார். வெள்ளைக்காரர் தானாகவே பாத்திரத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் நகர்த்தி வைத்தார். குடித்தபிறகு இவர் கரண்டியைக் கீழே வைத்தார். முகத்தில் ரத்தம் வற்றிப்போனது.

"இது ஏழாம் நம்பர் மலைக் கொழுந்து, டத்தோ. மழையில நனஞ்சு வந்தது. தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி. நனஞ்சு வந்ததால நெருப்பக் கூட்டி வச்சாங்க. அப்புறம் குறைக்கல. ட்ரையர்காரன் பக்கத்துல இல்ல. காந்தலான தேயிலைய நல்ல தேயிலையோட கலந்தா தெரியாதுன்னு நினச்சுக் கலந்துட்டான்."

"யார் அந்த ட்ரையர்காரன்?"

"நான்தான், டத்தோ."

மேனேஜர் துரை கண்ணை மூடிக்கொண்டார். நல்லா இருக்கு என்று சொல்லியிருக்கலாம். கெட்டில் மேல் பழி போட்டிருக்கலாம். நாக்கு ஒன்றைச் சொன்னபிறகு அதை மாற்றிச் சொல்ல இவருக்குத் தெரியாது. பத்தொன்பது வருடம் நான் சாமர்த்தியம் இல்லை என்று திட்டியது இதைத்தான்.

"ட்ரையரை விட்டுவிட்டு எங்கே போனாய்?" என்று டத்தோ கேட்டார்.

"கவனக்குறைவு, டத்தோ. என் தப்பு."

பொய். வாழ்க்கையில் அவர் சொன்ன ஒரே பொய் அதுதான். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், மழையில் குடையோடு ஃபாக்டரி வாசலில் வந்து நின்று, அவரை வெளியே வரச்சொல்லி, இருபது நிமிடம் கத்தியவள் யார்? எனக்கு அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பியது. கருவாடு இல்லை.

"டத்தோ," என்று நான் எழுந்து நின்றேன். மலாய் எனக்குக் கடைத்தெருப் பசார் மலாய்தான். இருந்ததை வைத்துச் சொன்னேன். "அவர் போகல. நான்தான் கூப்பிட்டேன். டீமேக்கர் வேலையை துரைகிட்ட கேளுங்க, கேளுங்கன்னு வாசல்ல நின்னு சண்டை போட்டேன். அவர் கேக்க மாட்டேன்னார். அதுக்குள்ள உள்ள கருகிப்போச்சு. தண்டனை குடுக்கணும்னா எனக்குக் குடுங்க." நான் உட்கார்ந்திருக்கலாம். வாய் நிற்கவில்லை. "அவர் இன்னும் கேக்கல. இவ்வளவு ஆனபிறகு கேக்கவும் மாட்டார். அதனால நான் கேட்டுட்டேன்."

டத்தோ சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, கறுப்புக் கோட்டிடம், பக்கத்து மேஜைக்குப் புது பாட்டில் தன் கணக்கில் கொடுக்கச் சொன்னார். பிறகு எழுந்து போய்விட்டார்.

துரையே காரில் எங்களைத் திரும்பக் கூட்டிவந்தார். லயத்து முனையில் இறக்கிவிடும்போது துரை சொன்னது ஒன்றுதான்: "நாளைக்குக் காலமை ஆபீசுக்கு வாரும்."

லயமே வாசலில் நின்றது. "எப்பிடி இருந்துச்சு?" என்றாள் வேலாயி அக்கா. "கறி சின்னது," என்றேன். "பாத்தியா!" என்றாள். "இனிப்பு?" என்றார் பக்கிரிசாமி அண்ணன். "தேவாமிர்தம்," என்றேன். "பாத்தியா!" என்றார். இரண்டு கட்சியும் ஜெயித்த சந்தோஷத்தில் எங்கள் முகத்தை யாரும் பார்க்கவில்லை. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நான் அழுதேன். வேலை கிடைக்காதது போகட்டும், இருப்பதும் போய்விடும்போல் இருந்தது. இவர்தான் அடுப்பை மூட்டி எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. பத்து மணிக்கு இவர் ஆபீசிலிருந்து வந்தார். கையில் ஒரு கவர். முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை. அந்த முகத்தில் என்றைக்குத் தெரிந்திருக்கிறது?

"என்னங்க அது?"

"எச்சரிக்கைக் கடுதாசி. தேயிலைய கருக்குனதுக்கும் கலந்ததுக்கும். இன்னொரு தடவ நடந்தா வேல போயிடும்."

இவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார்.

"துரை சொன்னாரு, ஃபாக்டரி ஆளுக்கு எச்சரிக்கை குடுக்கணும்னா சட்டப்படி டீமேக்கர்தான் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமாம். 'நாலு மாசமா ஆளில்லயே, யாரு போடுறது துரை?'ன்னு நான் கேட்டேன். 'டத்தோ நேத்தே சொல்லிப்போட்டுப் போயிட்டார். நீர்தான் போடும்'னாரு."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கவரைப் பிடுங்கிப் பிரித்தேன். ஆபீஸ் கிராணி டைப் அடித்த காகிதம். கொடுப்பவர்: ப. சாம்பசிவம், டீமேக்கர். பெறுபவர்: ப. சாம்பசிவம், ட்ரையர். கீழே இரண்டு இடத்திலும் ஒரே கோணல் கையெழுத்து. நடுவில் இருந்த குற்றத்தை இவர் சொல்லச்சொல்லத்தான் எழுதியிருக்கிறார்கள். வேலை நேரத்தில் ட்ரையரை விட்டு வெளியே சென்று இருபது நிமிடம் மனைவியுடன் பேசிக்கொண்டிருந்தது, என்று இருந்தது.

"இது தப்பு. பேசுனது நான். நீங்க எங்க பேசுனீங்க?"

இவர் யோசித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, 'பேசிக்கொண்டிருந்தது' என்பதை அடித்துவிட்டு 'கேட்டுக்கொண்டிருந்தது' என்று எழுதி, பக்கத்தில் டீமேக்கர் என்ற முறையில் சுருக்கொப்பம் வைத்தார்.

"அந்த ஆள நல்லாக் கண்டிச்சீங்களா?" என்று கேட்டேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"கண்டிச்சேன். தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னான்," என்றார்.

வேலைக்கான ஆர்டர் கோலாலம்பூரிலிருந்து அடுத்த மாதம் வந்தது. கெட்டித் தாள், கம்பெனி முத்திரை எல்லாம் போட்டது. அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். குவார்ட்டர்ஸுக்குக் குடிபோனபோது சாமி படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டியது எச்சரிக்கைக் கடிதத்தைத்தான். "மானம் போகுது, எடு," என்று இவர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். பெல்ஃபீல்ட் எப்படி என்று கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் டீ கொடுத்துவிட்டு அதைக் காட்டுவேன். முதல் முதலாக என் புருஷன் பெயருக்குப் பக்கத்தில் டீமேக்கர் என்று எழுதின காகிதம் அது. எழுதச் சொன்னவர்கள் யாராக இருந்தாலும், கேட்டது நான்.